ஞாயிற்றுக்கிழமை காலையில் விழிக்கும் பெட்டி

வரக்காப்பொல கடைவீதியில், அச்சுக்குக் கொடுத்திருந்த கல்யாண ஆல்பங்களை வாங்கி இரண்டு கையிலும் சுமந்தபடி கேகாலை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். லோகேஸ்வரி அக்காவின் கணவர் சந்திரன் அண்ணன் போனில் அழைத்தார். "சுமதி, லோகா எழும்பலம்மா. தேத்தண்ணி ஊத்தி வச்சிட்டுக் கூப்பிட்டேன். எழும்பல." ஆல்பங்களைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பஸ் வந்தது, ஏறினேன், கேகாலை வரை நின்றபடியே வந்தேன். தூக்கத்திலேயே இருதயம் நின்றுவிட்டது, வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைக்கு நான் நடமாடினேன்.

கேகாலையைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா நடத்தியவர்களுக்கு லோகேஸ்வரி அக்காவை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தோளில் கமராவும் காலில் ஓட்டச் சப்பாத்துமாக, பட்டுச் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு மேடை மேல் ஏறி நிற்பாரே, அவர்தான். அவர் படம் பிடிப்பார், நான் அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். எங்கள் ஸ்டூடியோ என்பது நாங்கள் இரண்டு பேர்தான். மூன்றாவதாக ஒரு பெட்டியும் இருந்தது. அதைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது.

இரண்டு ஹார்ட் டிஸ்க் உள்ளே போகும் ஒரு கறுப்புப் பெட்டி. வீட்டு ரவுட்டரோடு இணைத்திருந்ததால் எந்தக் கம்ப்யூட்டரில் இருந்தும் அதற்குள் இருப்பதை எடுக்கலாம். நாங்கள் எடுத்த அத்தனை படமும், வீடியோவும் அதில்தான் இருந்தன. ஒரு டிஸ்க்கில் எழுதுவதை அது மற்றதிலும் எழுதிவிடும். "அப்ப நமக்குப் பயமே இல்ல, ரெண்டு காப்பி இருக்கே" என்று நான் ஒருமுறை பெருமையாகச் சொன்னேன். அக்கா சிரித்தார். "இது காப்பி இல்ல சுமதி. ஒரே வீட்டுல ரெட்டைப் பிள்ளைங்க. வீடு இடிஞ்சா ரெண்டும்தான் போகும்." பிறகு அவர் அடிக்கடி சொல்லும் வாசகத்தையும் சொன்னார்: "ஒரே இடத்துல இருக்கிறது, இருக்கிறதே இல்ல."

கரண்ட் விஷயத்தில் அக்காவைப் போல ஒரு கஞ்சப் பிசினாரியை நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறுமை கிடையாது என்பது தெரிந்த கதை. சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு வீடியோவைத் திறந்தால் திரை அப்படியே நிற்கும். நாங்கள் தொடாமல் இருந்தால் டிஸ்க்குகள் சுற்றுவதை நிறுத்திவிடும்படி அக்கா வைத்திருந்தார். அவை கிறுகிறுவென்று மறுபடி சுற்றத் தொடங்கும் வரை நான் மேசையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரவில் பெட்டி முழுவதுமே தானாக அணைந்து, காலையில் தானாக எழும்பும். "இந்தச் சனியன் நம்மளை விட நல்லாத் தூங்குது" என்று நான் திட்டினால், "தூங்குறவளை எழுப்பினா மூஞ்சி கழுவவாவது நேரம் குடு" என்பார். கரண்ட் மிச்சம், சூடும் குறைவு. ஒன்பது வருஷம் உழைத்த பெட்டி அது.

பெற்றோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்றோமே, அந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று பார்த்துத்தான் உலை வைத்தோம். பெட்டிக்கென்று அக்கா ஒரு யூ.பி.எஸ் வாங்கி வைத்திருந்தார். கரண்ட் போனால் அது சில நிமிஷம் தாங்கும், திரும்பி வரும்போது பாய்கிற அடியையும் பெட்டிக்கு விடாமல் தானே வாங்கிக்கொள்ளும். அதிலிருந்து ஒரு சின்ன வயர் பெட்டிக்குப் போகும். அது வழியாகச் செய்தி போய், பெட்டி எழுதுவதை எழுதி முடித்து ஒழுங்காக அணைந்துகொள்ளும். ஒருநாள் நான் வேலை செய்துகொண்டிருக்கும்போதே யூ.பி.எஸ் கீகீ என்று அலறி, திரையும் பெட்டியும் ஒரேயடியாகச் செத்தன. ஓடிப் போய்ப் பார்த்தால், கேஸ் இல்லையே என்று சந்திரன் அண்ணன் ரைஸ் குக்கரைக் கொண்டுவந்து அதில் சொருகியிருக்கிறார், அந்தப் பாரத்தை அது தாங்கவில்லை. "பேட்டரிதானே, சோறு வேகும்னு நினைச்சேன்" என்றார் பாவம்.

நானாக இருந்தால் அன்றைக்குப் பெரிய சண்டை நடந்திருக்கும். அக்காவோ அடுத்த வாரம் ஒரு பழைய வேன் பேட்டரியை வாங்கிவந்து, அதில் ஒரு பல்பும் சின்னக் காற்றாடியும் ஓடும்படி செய்து அண்ணனிடம் கொடுத்தார். சோற்றுக்கு விறகு அடுப்பு. யூ.பி.எஸ்ஸை மேசைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்த்தினார். "ஏன்க்கா, ஒரு வார்த்தை சொல்லலாமே" என்றேன். "மனுசங்களைத் திருத்தப் போனா ஆயுசு போதாது. பிளக்கை மாத்தலாம், நேரத்தை மாத்தலாம், அது லேசு" என்றார். அப்போது எனக்கு அது சோம்பேறிப் பேச்சாகப் பட்டது.

இரண்டாவது பெட்டி எம்பிலிப்பிட்டியவில் இருந்தது. அக்காவின் தங்கை புஷ்பா அங்கே துணிக்கடை வைத்திருக்கிறாள். கேகாலையில் மண் சரிந்தால் அங்கே சரியாது, அங்கே வெள்ளம் வந்தால் இங்கே வராது என்பது அக்காவின் கணக்கு. எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெட்டியில் நகல் எடுத்து, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு இரத்தினபுரி வழியாகப் பஸ்ஸிலேயே கொண்டுபோனார். அதன் பிறகு புதிதாகச் சேருவது மட்டும் இன்டர்நெட் வழியாக வாராவாரம் போகும் என்றார்.

புஷ்பா மகளின் சடங்குக்குப் போனபோது அந்தப் பெட்டியை நான் பார்த்தேன். பூப்போட்ட துணியால் மூடி, மேலே பிளாஸ்டிக் ரோஜாக் கொத்து ஒன்றை வைத்திருந்தாள். ஒரு விளக்கு எரியவில்லை, ஒரு சத்தம் இல்லை. அன்று பின்னேரம் வானம் உறுமத் தொடங்கியதும் புஷ்பா வீடு முழுக்க ஓடி ஓடி டீவி, பிரிட்ஜ், ரவுட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிப் போட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. சப்ரகமுவவில் இடி இடித்தால் நாங்கள் எல்லோரும் செய்வதுதான் அது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர்களுக்குக் கை தானாகவே பிளக்குக்குப் போய்விடும். பெட்டியின் பிளக்கும் அதோடு போனது. வரும் வழியில் அக்காவிடம், "உங்க பெட்டி அங்க செத்துக் கிடக்கு, மேல மாலைதான் போடல" என்றேன். "சாகல, தூங்குது" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இனி அக்காவின் சாவு வீட்டுக்கு வருகிறேன். அதற்கு முந்திய வாரம் முனியாண்டி அண்ணன் எங்களைத் தேடி வந்திருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். மழையில் மண் சரிந்து அவருடைய லயத்தை மூடியபோது அவர் வேலைக்காட்டில் இருந்தார். மனைவி காளியம்மா வீட்டில் இருந்தார். வீட்டோடு ஆல்பம், போன், அடையாள அட்டை எல்லாம் போய்விட்டன. அவர்கள் கல்யாணத்தை எடுத்தது அக்கா. "ஒரே ஒரு படம் போதுங்க" என்றார். "படம் மட்டுமா, வீடியோவே இருக்கு. அடுத்த கெழமை வாங்க, நல்லா எடுத்துத் தர்றேன்" என்று அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அடுத்த கிழமை அவர் வந்தது அக்காவின் சாவுக்குத்தான். வாசலில் ஒரு ஓரமாக நின்றார்.

அன்று பின்னேரம் பெரிய இடி மழை. கரண்ட் போனது. வேன் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. அக்காவின் தலைமாட்டில் குத்துவிளக்கு மட்டும் காற்றில் அல்லாடிக்கொண்டிருந்தது. சந்திரன் அண்ணன் முன்னறைக்குள் போய், மேசைக்கு அடியில் இருந்த யூ.பி.எஸ்ஸைத் தேடி எடுத்துவந்து ஒரு பல்பை அதில் மாட்டி அக்கா முகத்தின் பக்கம் வைத்தார். பெட்டியின் பிளக்கை நேரே சுவரில் சொருகிவிட்டார். கரண்ட் திரும்பி வந்தபோது வாசலில் கட்டியிருந்த பல்புகள் பட்பட்டென்று வெடித்தன. "கரண்ட் போறதுல ஒண்ணுமில்ல, வர்றதுலதான் ஆபத்து" என்று அக்கா எத்தனையோ தரம் சொன்னது அப்போது என் காதில் கேட்டது. உள்ளே ஓடினேன். தீய்ந்த வாசனை வந்தது.

அடக்கம் முடிந்த பிறகு டவுனில் கம்ப்யூட்டர் திருத்துகிறவரிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். திறந்து பார்த்து, "மேக்க பிச்சிலா, நங்கி" என்றார் சிங்களத்தில், இது எரிஞ்சுபோச்சு தங்கச்சி என்று. பெட்டியும் கருகிவிட்டது, இரண்டு டிஸ்க்கும் கருகிவிட்டன. ரெட்டைப் பிள்ளைகள் இரண்டும் போயின. சந்திரன் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவ இருட்டுல கிடக்கக் கூடாதுன்னுதாம்மா செஞ்சேன். அவ பெட்டியும் அணைஞ்சு கிடக்கக் கூடாதுன்னு சுவத்துல சொருகினேன்" என்றார். எனக்குக் கோபமே வரவில்லை. அழுகைதான் வந்தது.

முனியாண்டி அண்ணனிடம் எப்படிச் சொல்வது? அவர் தானாகவே ஸ்டூடியோவுக்கு வந்தார். "அவசரம் இல்லங்க. ஆனா ரெண்டு நாளா அவ மூஞ்சி சரியா ஞாபகம் வர மாட்டேங்குது. மறந்துருவேனோன்னு பயமா இருக்குங்க" என்றார். இன்னொரு இடத்தில் தேட வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

புஷ்பாவைக் கூப்பிட்டேன். "அய்யோ சுமதிக்கா, அது எப்பவுமே அணைஞ்சுதானே கிடக்கும். இடி இடிச்சா நான்தானே புடுங்கிப் போடுறேன். மறுநாள் காலையில கடை திறக்க முந்தித்தான் மாட்டுவேன்" என்றாள். ஆனாலும் சனிக்கிழமை பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது எம்பிலிப்பிட்டியவில் மழை கொட்டிக்கொண்டிருந்தது, பெட்டியின் பிளக் தரையில் கிடந்தது. இடி ஓயும் வரை மாட்டவே கூடாது என்று புஷ்பா பிடிவாதமாக நின்றாள்.

ஞாயிறு காலை நல்ல வெயில். புஷ்பா சாமி கும்பிட்டுவிட்டு வழக்கம்போல எல்லாப் பிளக்கையும் மாட்டினாள். பெட்டியில் ஒரு அசைவும் இல்லை. ரோஜாக் கொத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது. எழுப்பிப் பார்க்கலாமா என்று பொத்தானில் விரலை வைத்தபோது, நான் அழுத்துவதற்கு முன்பே, பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே கிறுகிறுவென்று சுற்றத் தொடங்கியது.

"அட, இந்தச் சத்தமா?" என்றாள் புஷ்பா. "ஞாயித்துக்கிழமை காலையில வருமே. நான் பிரிட்ஜ்னு இல்ல நினைச்சேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் இடி பெரும்பாலும் பின்னேரத்தில்தான் வரும். தங்கை பிளக்கைப் பிடுங்குவாள், காலையில் மாட்டுவாள் என்பது அக்காவுக்குத் தெரியும். அவளோடு சண்டை போடவில்லை. கிழமைக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில், பிளக் கட்டாயம் சுவரில் இருக்கும் நேரத்தில் பெட்டி எழும்பி, கேகாலையில் இருந்து வருவதை வாங்கிக்கொண்டு மறுபடி தூங்கும்படி வைத்திருந்தார். கரண்டும் மிச்சம், மின்னலுக்கும் தப்பு, தங்கைக்கும் மனக்கஷ்டம் இல்லை. திறக்கும் சொல் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். கொண்டுபோயிருந்த லேப்டொப்பில் தட்டினேன். அக்கா கண்மூடுவதற்கு முந்திய ஞாயிறு வரை எல்லாம் இருந்தது. புஷ்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போதும் தெரியாது. நெஞ்சில் இருந்த கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

முனியாண்டி அண்ணனுக்கு வீடியோவைப் போட்டுக் காட்டினேன். தாலிக்கு முடிச்சுப் போடும்போது யாரோ கொண்டையை இழுத்துவிட, காளியம்மா திரும்பி ஒரு முறைப்பு முறைக்கிறார். அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "இதுதாங்க. இந்த மொறைப்புதாங்க. சாகுற அன்னைக்குக் காலையிலயும் இப்படித்தான் மொறைச்சா." மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார். அந்த இடத்தையே படமாக எடுத்துக் கொடுத்தேன், சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். பக்கத்தில் நின்ற சந்திரன் அண்ணன் அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

அக்காவை அறிந்தவர்களே, உங்கள் கல்யாணமும் பிள்ளைகளின் சடங்கும் பத்திரமாக இருக்கின்றன. புதிய பெட்டி ஒன்று முன்னறையில் இருக்கிறது. சொகுசாகத் தூங்குகிறது, நானும் திட்டாமல் காத்திருக்கிறேன். நகல் ஒன்றை என் வீட்டிலும் வைத்திருக்கிறேன். வானம் உறுமினால் என் வீட்டுக்காரர் ஓடிப்போய் அதன் பிளக்கைப் பிடுங்குகிறார். நான் வாயைத் திறப்பதில்லை, நேரத்தை மாற்றி வைத்திருக்கிறேன். அக்காவிடம் இருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். எம்பிலிப்பிட்டியப் பெட்டியின் மேல் ரோஜாக் கொத்து இப்போது இல்லை. ஞாயிறு காலையில் புஷ்பா எனக்குப் போன் எடுத்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுவாள்.

"முழிச்சிருச்சு."