கருப்புப் பீரும் கருகிய பாலும்

எனக்கு மூக்கு இல்லாமல் போன எட்டு மாதமும் ஒருத்தருக்கும் அது தெரியவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முகத்தில் மூக்கு இருந்தது, வாசனைதான் போயிருந்தது. ஒரு காய்ச்சல் வந்து நாலு நாளில் போனது. போகும்போது அதையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது.

வேறு தொழிலாக இருந்தால் சனியன் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். எனக்கோ தூத்துக்குடியில் கருப்பட்டி மொத்த வியாபாரம். உடன்குடிப் பக்கமிருந்து வரும் சரக்கை முனை உடைத்து, மோந்து பார்த்து, நாக்கில் வைத்து நான் சொன்னால் சொன்னதுதான். சீனி கலந்ததா, அடிப்பிடித்த பாகா, போன வருஷத்துப் பழசா, எல்லாவற்றையும் மூக்குதான் சொல்லும். நாக்குக்குத் தெரிந்ததெல்லாம் இனிப்பும் கசப்பும். "அண்ணாச்சி மோந்து பாத்துட்டாரா?" என்று கேட்டுத்தான் சில்லறைக் கடைக்காரர்கள் வாங்குவார்கள். மூக்கு போன கதை வெளியே தெரிந்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அதனால் நடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே நடித்தேன். முனையை உடைத்து மூக்கருகில் பிடித்துக்கொண்டு, கொண்டுவந்தவன் முகத்தையே பார்ப்பேன். கலப்படம் கொண்டுவந்தவன் எச்சில் விழுங்குவான். "தூக்கிட்டுப் போ" என்பேன். அவனும் மறுபேச்சில்லாமல் தூக்கிக்கொண்டு போவான்.

இதற்கு நடுவில் என் மனைவி வேறு. அதுவரை கடைப்பக்கமே எட்டிப் பார்க்காதவள், தினமும் பதினோரு மணிக்கு, சரியாகச் சரக்கு இறங்குகிற நேரத்தில், டிபன் கேரியரோடு வர ஆரம்பித்தாள். வந்தவள் சும்மா இருப்பாளா? திறந்திருக்கும் பெட்டியில் கொஞ்சம் உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "இது வேண்டாங்க" என்பாள். அவள் பிறந்த ஊர் ஆத்தூர், வெற்றிலைக்குப் பேர்போன ஊர். "ஏளா, இது என்ன உங்கய்யா வீட்டு வெத்திலையா? பேசாம இரி" என்று அத்தனை பேர் முன்னால் கத்தியிருக்கிறேன். கத்திய கையோடு அந்தப் பெட்டியைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறேன். அது ஏன் என்று நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

அவள் தம்பி கப்பலில் வேலை பார்க்கிறவன். லீவில் வந்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வாக்கில் என்னை மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போனான். தூரத்தில் துறைமுகத்து கிரேன்கள் வெயிலில் நின்றன. மாடியின் அந்தக் கோடியில் என் மனைவி மோர் மிளகாயைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் படிக்கட்டுக் கதவை ஒட்டி, நிழலில் உட்கார்ந்தோம். பைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். மூடியில் மெழுகு ஊற்றியிருந்தது.

"இம்பீரியல் ஸ்டவுட் அத்தான். பீருதான், ஆனா சாதா பீரு ரெண்டரைப் பாட்டில் போதை இந்த ஒண்ணுல இருக்கு. மடக்குன்னு குடிச்சிராதிய."

"ஐஸ் கொண்டா மாப்ளே."

"ஐஸ்ல வச்சா வாசம் பூராவும் செத்துரும். இதுல என்னல்லாம் வாசம் இருக்குன்னு நீங்கதான் சொல்லணும். கப்பல்ல ஒங்க மூக்கப் பத்திப் பீத்தி வச்சிருக்கேன்" என்று சொல்லி, செல்போனை என் முகத்துக்கு நேரே பிடித்தான். வீடியோ எடுக்கிறானாம்.

மாட்டினேன். அவன் கப்பலில் காட்டுவதோடு நிற்க மாட்டான். சொந்தக்காரர் குரூப்பில் போடுவான், அங்கிருந்து சந்தைக்குப் போக எவ்வளவு நேரமாகும்?

எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினான். அப்படியொரு கருப்பை நான் கருப்பட்டிப் பாகில்கூடப் பார்த்ததில்லை. நுரைகூடப் பழுப்பாக இருந்தது. ஒரு வாய் குடித்தேன். முதலில் கசப்பு, கடுங்காப்பியைவிடக் கடுமையாக. அதற்குப் பின்னால் ஒரு இனிப்பு மெதுவாக வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது. பீர் என்றால் தண்ணீராக ஓடும் என்று நினைத்திருந்தேன். இது வாயில் பாகாக நின்றது. தொண்டையில் இறங்கியதும் நெஞ்சு சுட்டது. வாசனை? ஒரு மண்ணும் இல்லை.

விடுவேனா? கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "காப்பிக்கொட்டை. முத்தின கருப்பட்டி. லேசா ஒரு தீஞ்ச வாசம்" என்று அடித்துவிட்டேன். கருப்பாக இருப்பதில் வேறென்ன இருக்கப்போகிறது!

"எப்பா! பாட்டில் லேபிள்ல போட்டிருக்கது அப்படியே சொல்லுதியளே!" என்று குதித்தான். போனைப் பைக்குள் வைத்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாவது வாய்க்கு டம்ளரைத் தூக்கும்போது ஏதோ ஒன்று மூக்கில் ஏறியது. தீய்ந்த வாசம். நான் புளுகிய அதே வாசம்! டம்ளருக்குள் மூக்கை விட்டேன், குறைந்தது. வெளியே எடுத்தேன், கூடியது. கதவுப் பக்கம் திரும்பினால் இன்னும் கூடியது. இது ஸ்டவுட் இல்லை. பால்.

"ஏளா, அடுப்புல பாலு தீயுது!"

அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிட்டு மேலே வந்தவள் அவள்தான். ஆனால் ஓடவில்லை. கையில் மிளகாயோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்.

"ஏங்க... ஒங்களுக்கு வாசம் அடிக்கா?"

"பாலு தீயுதுங்கேன்!"

"பாலு கிடக்கட்டும். அடிக்கா, சொல்லுங்க."

தம்பிதான் கீழே ஓடினான். அவள் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு அடுப்பு அணைஞ்சு காஸ் பாட்டுக்குப் போயிட்டிருக்கு, நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிய. அன்னைக்கே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க கடைக்கே போவ மாட்டிய."

தினமும் பதினோரு மணிக்கு வந்த டிபன் கேரியர் எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. அத்தனை பேர் முன்னால் நான் கத்தியதெல்லாம் காதுக்குள் கேட்டது. வெட்கமாக இருந்தது. டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்தேன். அடியில் காப்பி வாசம் கொஞ்சம், நிஜமாகவே, இருந்தது.

மூன்று வாரத்தில் மூக்கு முழுசாகத் திரும்பிவிட்டது. இப்போது வருகிறவன் முகத்தைப் பார்க்கிற வேலையே இல்லை. ஆனால் பால் தீய்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், திங்கட்கிழமை, கடையில் பதினோரு மணி ஆனது, பதினொன்றரை ஆனது, வாசலில் அவளைக் காணோம். போன் போட்டேன்.

"ஏளா, டிபன் எங்க?"

"ஓட்டல்ல வாங்கிக்கிடுங்க. அதான் மூக்கு வந்துட்டுல்லா, நான் எதுக்கு?"

எதிரில் ஐந்தாறு வியாபாரிகள் நின்றார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"பாதிதான் வந்திருக்கு. நீ வா."