அம்மா பிடிக்க வேண்டிய வாளை

புரட்டாசியில் ஒரு நாள் எங்கள் பெரியப்பா மீன் குழம்புச் சட்டியைத் தூக்கிக் குப்பைமேட்டில் வீசினார். ஐந்தாம் வகுப்பில் என் காலாண்டு விடுமுறை ஒரு மாதமாக நீண்டதற்கு அதுதான் காரணம்.

எங்கள் வீடு கடத்தூர்ப் பக்கம். புரட்டாசியில் சனிக்கிழமை மட்டும்தான் எங்களுக்குக் கவுச்சி கூடாது. அன்று புதன்கிழமை. அம்மா சந்தையில் மீன் வாங்கி வந்து சமைத்ததில் ஒரு தப்பும் இல்லை. பெரியப்பாவுக்குக் கிழமை பிரச்சினையே அல்ல, அம்மா பிறந்த ஊர்தான் பிரச்சினை. அணை ஓரத்தில் மீன் பிடித்துப் பிழைக்கிற வீட்டிலிருந்து தம்பிக்குப் பெண் எடுத்ததைப் பன்னிரண்டு வருடமாகியும் அவரால் செரிக்க முடியவில்லை. சட்டியை வீசிவிட்டு, "டேம்காரி வந்து வூட்டையே மீன்கடை ஆக்கிட்டா" என்றார்.

அப்பா அங்கேதான் இருந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மாடு குடித்து முடித்துத் தலையைத் திருப்பிய பிறகும் வாளியை நிரப்பி நிரப்பி அதன் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனார். என் அப்பாவை ஊரில் எல்லோரும் நல்லவர் என்பார்கள். வாயைத் திறக்காத ஆம்பிளைக்கு அந்தப் பெயர் சும்மாவே கிடைத்துவிடும்.

மறுநாள் அம்மா என்னை இழுத்துக்கொண்டு மூன்று பேருந்து மாறி மாமா வீட்டுக்குப் போனாள். பென்னாகரம் தாண்டி, ஏரியூர் தாண்டி, நாகாவதி ஆறு மேட்டூர் அணைத் தண்ணீரில் கலக்கிற இடம். ஆறு கடலில் கலந்தால் முகத்துவாரம் என்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக்குக் கடல் இல்லை, இதுதான் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் சிவப்பாக வரும். அணைத் தண்ணீர் பச்சையாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே கோடு போட்டதுபோல் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழேதான் வாளை படுத்திருக்கும் என்பாள் அம்மா. கலங்கலில் வழி தெரியாமல் சின்ன மீன்கள் வரும், வாளை வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். ஆள் நீளத்துக்கு வளரும் மீன் அது. வாய் கன்னம் வரை கிழிந்திருக்கும், உள்ளே அரம்போலப் பல்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே அப்பா பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். வாசலில் நின்று, "போலாமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவருடைய சமாதானப் பேச்சு.

அம்மா தூண்டில் நரம்பைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "ஒரு வாளை புடிக்கணுங்க. புடிச்சதும் வரேன்" என்றாள்.

அப்பாவுக்கு மானாவாரி நிலம் தெரியும், நிலக்கடலை தெரியும். மீன் தெரியாது. "சரி, புடிச்சிட்டு வா" என்று தலையாட்டினார். மாமா சிரித்துவிட்டார். "மாப்ள, வாளை என்ன ரேசன் அரிசியா? கார்ட நீட்டுனதும் போடறதுக்கு?" என்று கேட்டார். அதற்கும் அப்பா தலையாட்டினார்.

அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். வாளை வரவில்லை.

எனக்கு வீட்டு ஞாபகமாகவே இருந்தது. பள்ளிக்கூடம் திறந்து, எனக்கு வைத்திருந்த கபடி டீம் இடத்தில் வேறு ஒருத்தியைச் சேர்த்திருப்பார்கள் என்று பயம். அப்பா இல்லாமல் தூக்கம் வரவில்லை. அப்பா வேண்டும், அம்மாவும் வேண்டும், இரண்டு பேரும் ஒரே வீட்டில் வேண்டும். நடுவில் நிற்பது ஒரு மீன். அந்த மீன் மேல் எனக்குக் கொலைவெறி வந்தது.

அம்மாவுக்கு அப்படியொன்றும் அவசரம் தெரியவில்லை. விடிந்ததும் பரிசலில் ஏறுவாள். நானும் ஏறுவேன். ஒற்றைத் துடுப்பால் அந்த வட்டத்தைச் சுற்றவிடாமல் நேராகக் கொண்டுபோவாள். கெண்டைக்குஞ்சின் முதுகில் தூண்டில் முள்ளை லேசாகக் கோத்து, உயிரோடு நீந்தும்படி விடுவாள். அப்புறம் மணிக்கணக்கில் சும்மா இருப்பாள். கடத்தூரில் நான் பார்த்த அம்மா சும்மா இருந்ததே கிடையாது. பரிசலில் கால் நீட்டி உட்கார்ந்தாள், பக்கத்துப் பரிசல்காரர்களை வம்புக்கு இழுத்தாள், ஒருமுறை யாரோ சொன்னதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த அம்மாவை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அவள் போய் நான்கு வருடமாகிறது. இப்போதும் மாமா மகனைக் கூப்பிட்டுக்கொண்டு பரிசலில் அந்தக் கோடு வரைக்கும் போய்வருகிறேன். எதற்கு வருகிறாய் என்று அவன் கேட்பதில்லை. கேட்டால், அந்த ஒரு மாதத்து மனுஷியைத் தேடுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது வாரம் ஒரு வாளை நிஜமாகவே கடித்தது. நரம்பு விர்ரென்று ஓடியது. பரிசலே ஒரு பக்கம் சாய்ந்தது. அம்மா இழுத்தாள், விட்டாள், இழுத்தாள். தண்ணீருக்கு மேலே வெள்ளி நிறத்தில் ஒரு முதுகு வந்து திரும்பியது. "ம்மா, இழும்மா" என்று கத்தினேன். அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையைத் தளர்த்தினாள். நரம்பு தொய்ந்தது. மீன் தலையை உதறிக்கொண்டு போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவளுக்கு மீன் பிடிக்கவே தெரியவில்லை என்று நினைத்தேன்.

அன்று மாமாவிடம் போய், "அம்மா கையில இருந்த வாளைய வுட்டுட்டா" என்று கோள் சொன்னேன். மாமா வலையை உதறிக்கொண்டிருந்தார். அத்தைதான் அரிசி களைந்துகொண்டே, "உந்தங்கச்சி வாளை புடிக்க வந்தாளா, புடிக்காம இருக்க வந்தாளா?" என்றாள். "வாய மூடு, புள்ள நிக்குது" என்றார் மாமா. பெரியவர்கள் இப்படித்தான் கிறுக்குத்தனமாகப் பேசுவார்கள் என்று நான் விட்டுவிட்டேன். என் கவலை எனக்கு. அடுத்த ஞாயிறும் அப்பா வெறுங்கையோடு போனால் அப்புறம் வரவே மாட்டார் என்று பட்டது. போனவாரம் பேருந்து ஏறும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மாமாவின் வலையில் ஒரு வாளை விழுந்தது. மூன்று கிலோ இருக்கும். அம்மா அப்போது அத்தையோடு ரேசன் கடைக்குப் போயிருந்தாள். காலை மீன் வண்டிக்கு அனுப்ப மாமா அதை ஐஸ்பெட்டியில் போட்டு மூடினார். எனக்கு அன்று இரவெல்லாம் ஒரே யோசனை.

விடிவதற்கு முன்பே, மங்கல் வெளிச்சத்தில், அம்மா எழுவதற்குள் எழுந்தேன். அம்மா முந்தின நாளே கரையோரத்து வேலிக்காத்தான் தூரில் ஒரு தூண்டிலைக் கட்டிவிட்டிருந்தாள். நான் ஐஸ்பெட்டியில் கைவிட்டு வாளையை எடுத்தேன். கட்டைபோல விறைத்திருந்தது. நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன், பாவாடையெல்லாம் ஈரம். கரையில் உட்கார்ந்து நரம்பை இழுத்தேன். முள்ளில் இருந்த கெண்டைக்குஞ்சைக் கழற்றித் தண்ணீரில் விட்டேன். முள்ளை வாளையின் உதட்டில் வெளியிலிருந்து குத்தி மாட்டினேன். செத்த மீனாக இருந்தும் அதன் பல் என் இரண்டு விரலைக் கிழித்துவிட்டது. தண்ணீரில் தள்ளிவிட்டு, போய் அம்மாவின் பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

வெயில் ஏறியதும் அம்மா தூண்டில் பார்க்கப் போனாள். ஒன்றும் தெரியாதவள்போல் பின்னாலேயே போனேன். நரம்பு துள்ளவில்லை, ஓடவில்லை. விறகுக்கட்டு மாதிரி வந்து கரையில் ஒதுங்கியது. வாளை தூண்டிலை விழுங்கும், முள் தொண்டைக்குள் இருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும். நான் கடலைக்காட்டில் வளர்ந்தவள். "ம்மா, வாளைம்மா" என்று குதித்தேன்.

அம்மா குந்தி உட்கார்ந்தாள். உதட்டிலிருந்த முள்ளைப் பார்த்தாள். வெளுத்துப்போன கண்ணைப் பார்த்தாள். உள்ளங்கையை அதன் வயிற்றில் வைத்தாள். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

அதற்குள் மாமா சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். "எவன்டா பொட்டிய தொறந்தது? வாளைய காணோம்." கரைக்கு வந்து மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"இது என் தூண்டில்ல வுழுந்ததுண்ணா."

"ஏம்மா, உனக்குத் தெரியாதா..."

"என் தூண்டில்ல வுழுந்ததுண்ணா. நீ போ."

மாமா போகவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றார்.

பத்து மணிப் பேருந்தில் அப்பா வந்தார். மீனைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கவே மாட்டேன். பாவம், அவருக்கு நிஜமாகவே எங்களைப் பிடிக்கும். "புடிச்சிட்டியா. எம்மாம் பெருசு" என்று சுற்றிச் சுற்றி வந்தார். "புடிச்சாச்சு" என்றாள் அம்மா. "மதிய வண்டிக்குப் பொறப்படலாங்க." குழம்பு வைத்தாள். அப்பா மூன்று துண்டு தின்றார். இப்படி ஒரு மீனை வாழ்நாளில் தின்றதில்லை என்றார். அம்மா தட்டில் சோறும் ரசமும்தான் இருந்தது. பெரியப்பா இனி வாயை அடக்குவாரா என்று அங்கே ஒருத்தரும் கேட்கவில்லை. அப்பா அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

பேருந்தில் அப்பா முன்பக்கம் கிடைத்த ஒரு சீட்டில் உட்கார்ந்தார். நானும் அம்மாவும் பின்னால். ஏரியூர் தாண்டியதும் அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, கிழிந்த விரல்களைத் தடவினாள். பிறகு ரொம்ப மெதுவாக, "ஐஸ்ல கை வெச்சியே, குளிரலயா கண்ணு?" என்று கேட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதுகைச் சுருக்கிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தேன். அடி விழவில்லை. தப்பித்துவிட்டோம் என்று நினைத்து, அவள் மடியிலேயே தலையைச் சாய்த்துப் பென்னாகரத்தில் பேருந்து மாறும் வரை நன்றாகத் தூங்கினேன்.