மூன்றாம் ஃபேடரின் நடுக்கம்

ட்ரொண்ட்ஹெய்ம் நகரத்து ஒலிப்பதிவுக் கூடங்களுக்குக் கன்ட்ரோலர் பொருத்திக் கொடுப்பது ஹால்டிஸ் பிரெக்கேயின் தொழில். மவுஸால் இசையை மிக்ஸ் செய்யப் பிடிக்காதவர்களுக்கு சத்தத்தைக் கூட்டிக் குறைக்க விரலால் தள்ளும் ஃபேடர்கள் வேண்டும். அந்த ஃபேடர்களையும் கணினியையும் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். இருபத்தாறு வருஷமாக அந்த ஆள் அவள்தான். ஒரு வேன், ஒரு பெட்டி நிறைய வயர், ஓர் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் ஐவின் ஜனவரியில் இறந்துபோனான்.

பிப்ரவரி கடைசியில், ஐவினோடு சேர்ந்து ஒலிப்பதிவுக் கூடம் நடத்திய கூட்டாளி தூர்கெய்ர் போன் செய்தான்.

"பழைய கன்ட்ரோலர் செத்து... வேலை செய்யலை. புதுசு வந்திருக்கு. வேற யாரையாவது கூப்பிடட்டுமா?"

"எதுக்கு?" என்றாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கூடத்துக்குப் போனாள். வாசலில் பூட்ஸைக் கழற்றினாள். தரை சில்லென்றிருந்ததால் அங்கே கிடந்த ஐவினின் செருப்பை மாட்டிக்கொண்டாள். கொஞ்சம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

வயர்களைச் செருகி, எந்த ஃபேடர் எந்த ஒலித்தடத்துக்கு என்று கணினியில் சொல்லிவைக்க ஒரு மணி நேரமானது. சோதித்துப் பார்க்க, ஐவின் கடைசியாக மிக்ஸ் செய்த ஆல்பத்தைத் திறந்தாள். பாடகி சுன்னிவாவுடையது. மறுநாள் மதியம் இசைத்தட்டு அச்சிடப் போக வேண்டும்.

ஐவின் தள்ளிய தள்ளலெல்லாம் கணினியில் பதிவாகியிருந்தது. பாட்டு ஓட, யாரும் தொடாமலே ஃபேடர்கள் ஏறி இறங்கின. ஆயிரம் தடவை பார்த்த காட்சி. அவற்றை நகர்த்தும் மோட்டார் சத்தம் போடுகிறதா என்று மட்டும் கவனித்தாள்.

முதல் பாட்டின் மூன்றாவது சரணத்தில், பாடகியின் குரல் இருந்த மூன்றாம் ஃபேடர் நடுங்கியது.

மோட்டார் சரியில்லை என்று நினைத்தாள். அளவுகளைத் திருத்தி மறுபடி ஓட்டினாள். நடுங்கியது. வயரை மாற்றினாள். நடுங்கியது. இன்னொரு தடவை திருத்தினாள்.

"புது டப்பாவிலேயே கோளாறா? உன் தலையில நல்லாக் கட்டிட்டாங்க," என்றாள்.

தூர்கெய்ர் பழுப்புச் சீஸைச் சீவிக்கொண்டிருந்தான்.

அவள் குரலை ஏழாம் ஃபேடருக்கு மாற்றினாள். பாட்டு ஓடியது. மூன்றாம் ஃபேடர் அசையாமல் நின்றது. ஏழாவது நடுங்கத் தொடங்கியது.

"மெஷின்ல ஒண்ணும் இல்லை," என்றாள்.

"தெரியும்."

"அவன் கை எப்போலேர்ந்து இப்படி?"

"அக்டோபர். காபிக் கோப்பையை ரெண்டு கையாலயும் பிடிச்சான். 'டேய் கிழவா, அதென்ன கோயில் பாத்திரமா'ன்னு கிண்டல் பண்ணேன். அப்புறம்தான் சொன்னான். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னான்."

"நான் திருப்பித் திருப்பி வயரை மாத்துறேன். நீ சீஸ் வெட்டிட்டு இருக்கே."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலை ஹால்டிஸ்."

அழுகை வரும் என்று அவள் கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை. வெளியே பனி வாரும் வண்டி போனது.

"சுன்னிவா கேட்டாளா?"

"கேட்டா. தன் குரல்தான் நடுங்குதுன்னு நெனச்சுக்கிட்டா. 'நான் அப்படிப் பாடலியே'ன்னு ஒரே அழுகை. மவுஸால நேரா ஒரு கோடு இழுத்தா அந்த நடுக்கம் தீர்ந்துடும். மூணு நாளா உட்கார்ந்து பார்க்குறேன், கை போகலை. அது அவனோட கடைசி..." நிறுத்திக்கொண்டான். "அப்படியே அனுப்பிடலாமா? நீ சொன்னா அனுப்பிடறேன்."

அனுப்பினால் ஐவினின் கை அந்தத் தட்டில் இருக்கும். ஆனால் கேட்கிறவர்களுக்கு அது சுன்னிவாவின் தடுமாற்றம். பாடகியைத் தடுமாற வைத்துவிட்டு ஐவின் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை.

"நகல் எடுத்து வெச்சியா?"

"வெச்சேன்."

அதை யாரும் திறக்கப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

ஹால்டிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். விரல் ஃபேடரில் இருக்கும்வரை பழைய பதிவின் மேல் புதியதை எழுதும்படி மாற்றினாள். சரணம் வந்தது. நடுங்கிக்கொண்டிருந்த ஃபேடரில் விரலை வைத்தாள். விரல் பட்டதும் மோட்டார் விட்டுக்கொடுத்துவிடும். அது அப்படித்தான் செய்யப்பட்டது, வாடிக்கையாளர்களுக்கு அவளே சொல்வாள். விட்டுக்கொடுத்தது. சரணம் முடியும்வரை நேராகப் பிடித்திருந்தாள். குரல் திடமாக வந்தது. சுன்னிவா நன்றாகத்தான் பாடியிருந்தாள்.

விரலை எடுத்தாள். சேமித்தாள்.

"இப்படி இன்னும் எத்தனை பாட்டுல இருக்கு?"

"ஏழு."

"அடுத்ததைப் போடு," என்றாள்.