கூடப் போட்ட ரோல்ஸ்

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் என்னுடைய ஆட்டிறைச்சி ரோல்ஸ் இல்லாமல் ஒரு தமிழ்ப் பிறந்தநாள் விழா நடந்ததென்றால், அந்த வீட்டுக்காரருக்கு என்னோடு ஏதோ கோபம் என்று அர்த்தம். இதில் பொய் இருந்தால் யாரும் வந்து சொல்லலாம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஓர் இத்தாலியனின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். இன்றைக்கு எனக்கு இரண்டு கடைகள். அதில் பெரிய கடை இருக்கிற கட்டடமும் என்னுடையதுதான். படித்து உத்தியோகம் பார்க்கிறவர்கள்கூட வந்து, "அண்ணை, பிசினஸ் எப்பிடிச் செய்யிறது?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். ஆறு கேட்டால் ஏழு போடு. வீட்டில் போய்ப் பையைத் திறக்கிறபோது அந்த முகம் மலர வேண்டும். அவ்வளவுதான் வியாபாரம்.

கூட ஒன்று போடாமல் என் கடையிலிருந்து ஒரேயொரு பைதான் வெளியே போயிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் பெரிய கடைக் குசினியில் ரோல்ஸ் சுற்றுகிற பெண், கணவனை ஊரிலேயே இழந்துவிட்டு, கைக்குழந்தையோடு படகில் வந்தவள். எத்தனையோ வருஷம் தற்காலிக விசாவில் இருந்து, அந்தக் குழந்தை வளர்ந்த பிறகுதான் நிரந்தரமாக இருக்க விட்டார்கள். அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் கைக்குழந்தைதான் இந்தக் கதையின் பிள்ளை.

பிள்ளை என்ன செய்யக்கூடியவள் என்று நான் கண்டுகொண்டது, ஒரு பழைய மாணவர் சங்கத்தின் விளையாட்டுப் போட்டியில். வெற்றிக் கிண்ணங்கள் எல்லாம் என்னுடைய செலவு. சாப்பாட்டுக் கூடாரமும் என்னுடையது. பெண்களுக்கான குண்டு போடுதல் நடந்தது. இவள் போட்ட குண்டு கோடு கிழித்த இடத்தையெல்லாம் தாண்டி உருண்டு வந்து என் கூடாரத்துக் கம்பியில் இடித்து நின்றது. பிளேன்ரீ குடிக்க வரிசையில் நின்ற சனம் சிதறி ஓடியது. தாய்க்காரி தலையில் கை வைத்தாள்.

"நாங்கள் குண்டுக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள் அண்ணை. இவள் இஞ்சை வந்து குண்டு போடுறாள்."

பக்கத்தில் நின்ற ஒரு அன்ரி, "இப்பிடித் தோளை வளத்தா நாளைக்கு ஆர் கட்டுவினம்?" என்றார்.

"கட்டுறவன் ஒழுங்கா இருப்பான்," என்றேன். பிள்ளைக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அன்று அவளுக்கு ஒரு தட்டு நிறையக் கொத்துரொட்டி வைத்துக் கொடுத்தேன். தட்டைத் திருப்பித் தந்தபோது அதில் ஒரு வெங்காயத் துண்டும் மிச்சமில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் குண்டு என்னுடைய பொறுப்பு. சப்பாத்து, கிளப் கட்டணம், பயிற்சிக்காரருக்குக் கொடுக்கிறது எல்லாம் நான்தான். சனிக்கிழமைகளில் போட்டிக்குக் காரில் கூட்டிக்கொண்டு போய், மடக்குக் கதிரையைப் போட்டுக்கொண்டு வெயிலில் இருப்பேன். என் மனைவி செத்துப்போய்க் கொஞ்சக் காலம். ஒரே மகன் மெல்பேர்னில், பொயிண்ட் குக்கில், கம்பியூட்டர் வேலை. "வை ஆர் யூ டூயிங் திஸ், அப்பா?" என்று ஃபோனில் கேட்டான். கடை மூடினால் போக எனக்கு ஓர் இடம் இருந்தது. அது ஒரு புல்வெளி.

அவள் எறிகிற வீடியோவைப் பார்த்து அமெரிக்காவில் ஒரு கல்லூரி அவளைக் கூப்பிட்டது. படிப்புச் செலவு, அறை, சாப்பாடு எல்லாம் இலவசம், அவர்களுக்காகக் குண்டு போட வேண்டும், அவ்வளவுதான். தாய்க்காரி மா பிசைந்த கையோடு நிலத்தில் இருந்துவிட்டாள். இங்கே அந்தப் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப அவளிடம் ஒரு வழியும் இருக்கவில்லை. நான் இருக்கிறேனே என்று சொன்னேன். "நீங்கள் செய்தது போதும் அண்ணை, இது அவள் தானா எடுத்தது," என்றாள். அது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

போன பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் கடை திறக்கிற நேரம் பார்த்து வீடியோவில் வருவாள்.

"அங்கிள், இண்டைக்கு எத்தினை ரோல்ஸ்?"

ஃபோனைப் பொரிக்கிற தாச்சிக்கு மேலே பிடிப்பேன். எண்ணெயில் ரோல்ஸ் மிதக்கிறதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். "ஸ்டொப், ஸ்டொப், எனக்குப் பசிக்குது," என்பாள். பிறகு அங்கத்தைய கதைகளைச் சொல்லுவாள். கல்லூரியின் பெயர் போட்ட சேர்ட்டுகளைக் கடையில் விற்கிறார்களாம். கோச்சின் வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறதாம். அவளோடு அறையில் இருக்கிற அமெரிக்கப் பிள்ளை கார் விற்கிற ஒரு கொம்பனிக்குப் படம் எடுக்க நின்றதற்கு அவர்கள் காசு கொடுத்தார்களாம்.

"உனக்கு?"

"என்ர ஸ்டூடன்ட் விசாவிலை அப்பிடி உழைக்க ஏலாது அங்கிள். எனிவே, ஷொட் புட் பாக்க ஆர் டிக்கெட் எடுக்கினம்?"

"நான் எடுப்பன்," என்றேன்.

எனக்கு அது பொறுக்கவில்லை. பிள்ளை எறிகிறாள், வெயிட் தூக்குகிறாள், முழங்கையில் ஐஸ் கட்டிக்கொண்டு பாடம் படிக்கிறாள். சுற்றி இருக்கிற எல்லோருக்கும் சம்பளம். என் கடையில் அவளுடைய தாய்க்கு மத்தியானச் சாப்பாடு நான்தான் கொடுக்கிறேன். அதற்காக, சாப்பாடு தந்தேனே, இனிச் சம்பளம் எதற்கு என்று கேட்டேனா? கேட்டால் இந்த ஊரில் என்னைச் சும்மா விடுவார்களா?

ஆனபடியால் நான் கொடுத்தேன். குளிருக்குக் கோட் கொடுத்தேன். தாய் ஒருமுறை போய்ப் பார்த்து வரட்டும் என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். அதுவரைக்கும் ஒரு பிரச்சினையும் வரவில்லை. போகும்போதே பிள்ளை கல்லூரியில் என்னைப் பற்றிச் சொல்லியிருந்தாள்: இவர் குடும்ப நண்பர், சின்ன வயதிலிருந்து உதவுகிறவர் என்று. அவர்களும் சரி என்றுவிட்டார்கள்.

பிறகுதான் அந்தச் சுவர் வந்தது. குண்டு போடுகிற இடத்தைப் புதிதாகக் கட்டக் காசு சேர்க்கிறார்கள், கொடுக்கிறவர்களின் பெயரைச் சுவரில் ஒவ்வொரு கல்லாக வெட்டி வைப்பார்கள் என்று பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா பேச்சுவாக்கில் சொன்னாள். நான் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய் உபயம் செய்கிறவன். எங்கள் பிள்ளைக்குச் சோறு போடுகிற இடம், அதற்கு ஓர் உபயம் செய்யாமல் விடுவதா? பிள்ளைக்குச் சொல்லாமல் காசு கட்டினேன். கல்லில் என் பெயரும், அதற்குக் கீழே கடையின் பெயரும். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்து, சிட்னியில் இருக்கிற அங்கிள் தந்தது என்று எழுதி, கல்லூரியே தன்னுடைய இணையப் பக்கத்தில் போட்டது. அந்தப் படத்தைப் பெரிதாக்கி கடையில் காசு மேசைக்கு மேலே மாட்டினேன். வந்த சனம் எல்லாம் பார்த்தது.

கல்லூரியில் சட்டதிட்டம் பார்க்கிற அலுவலகத்திலும் யாரோ பார்த்திருக்கிறார்கள். வீடியோவில் என்னோடு கதைக்க வேண்டுமென்று கேட்டார்கள். நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன். கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, ஒரு தட்டு ரோல்ஸும் எடுத்துக்கொண்டு, காலையில் தாய்க்காரியின் ஃபிளாட்டுக்குப் போனேன். அவள் பயந்து போயிருந்தாள். விசாவுக்காக எத்தனையோ விசாரணைகளில் இருந்தவள். கம்பியூட்டரைத் திறக்குமுன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. கூட ஒண்டும் சொல்லாதேங்கோ."

கூட ஒன்றும் சொல்லாமல் இருக்க எனக்கு எங்கே தெரியும்?

திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண், நல்ல மரியாதையான ஆள். இன்னொரு பெட்டியில் பிள்ளை, தலை குனிந்தபடி. சுவருக்குக் காசு கட்டிய பிறகு பிள்ளைக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள். என் இங்கிலீஷ் கடை இங்கிலீஷ்தான், ஆனால் கொடுத்ததைச் சொல்ல அது போதும். புது லப்டொப் வாங்கிக் கொடுத்ததைச் சொன்னேன். அவளுடைய குழுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஓர் இந்தியன் கடையில் இரவுச் சாப்பாடு, இங்கேயிருந்தே கார்ட் இலக்கம் சொல்லி ஏற்பாடு செய்ததைச் சொன்னேன். கோச்சும் வந்து சாப்பிட்டார் என்றும் சொன்னேன். தாய்க்காரி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். பிள்ளை இரண்டு கையாலும் முகத்தை மூடினாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் எழுதி முடித்துவிட்டு ஆறுதலாக விளக்கினாள். சுவருக்குக் கொடுக்குமுன் நான் குடும்ப நண்பர். கொடுத்த நாளிலிருந்து நான் கல்லூரி விளையாட்டின் ஆதரவாளர். ஆதரவாளர் எவரும் விளையாடுகிற பிள்ளைக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. ஒரு சாப்பாடும் கூடாது.

"கோச்சுக்குச் சம்பளம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு."

"உங்களுக்கு?"

"எனக்கும்தான் சேர்."

"எறியிறவளுக்கு மட்டும் என்ர சோறும் கூடாதோ?"

அவள் பேனையைக் கீழே வைத்தாள். "சட்டத்தை நான் எழுதேல்லை சேர்," என்றாள். அவளில் எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கும் அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ரோல்ஸ் தட்டு அப்படியே ஆறிக்கிடந்தது.

முடிவு வருமட்டும் பிள்ளையைப் போட்டிகளில் இறங்க விடவில்லை. அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் ஃபோன் வரவில்லை. தாச்சியை அடுப்பில் வைத்துவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு நாள் மத்தியானச் சனம் குறைந்த பிறகு தாய்க்காரி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றாள். லப்டொப்பின் பெறுமதியையும் சாப்பாட்டின் பெறுமதியையும் பிள்ளை ஏதாவது தர்மத்துக்குக் கட்ட வேண்டுமாம். அதை அவள் நூலகத்தில் வேலை செய்து சிறிது சிறிதாகக் கட்டுவாள். கல்லூரிக்குள்ளே அந்தளவு வேலை செய்ய விசா விடும்.

"வேற என்ன?"

"நீங்கள் இனி அவளுக்கு ஒண்டும் குடுக்கக் கூடாதாம். ஃபோனும் கூடாதாம், படிச்சு முடிக்கும்வரை. அவளும் அதுக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடவேணுமாம். அவள் போடமாட்டன் எண்டு அழுகிறாள் அண்ணை. போடாட்டி ஸ்கொலர்ஷிப் போயிடும்."

"போடச் சொல்லு."

"அண்ணை..."

"விசாவுக்கு எவ்வளவு பேப்பரில கையெழுத்துப் போட்டனி. இதென்ன பெரிய விஷயம்? நான் பிசினஸ்காரன், எனக்கு ஆயிரம் சோலி. போடச் சொல்லு."

அவள் அழுதுகொண்டு குசினிக்குள் போனாள். நான் பின்பக்கத்துக்குப் போய், குளிர்ப்பெட்டி அறைக்குள் கொஞ்ச நேரம் நின்றேன். அன்றிலிருந்து தாய்க்காரியும் மிஞ்சின ரோல்ஸை வீட்டுக்குக் கொண்டுபோகிறதில்லை. வெறும் கையோடுதான் பஸ் ஏறுகிறாள். அது அவர்களின் சட்டத்தில் இல்லை என்று சொன்னேன். "தெரியும் அண்ணை. ஆனா பயமா இருக்கு," என்கிறாள்.

நான் செய்ததில் பிழை எங்கே என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. சுவரில் என் கல் இருக்கிறதா, கழற்றிவிட்டார்களா என்றும் தெரியாது. அதைச் சொல்ல ஒருத்தி இருந்தாள், அவளிடம் கேட்கக் கூடாது.

போன டிசம்பரில் பிள்ளை விடுமுறைக்கு வந்தாள். வந்திருக்கிறாள் என்று தாய்க்காரி சொல்லவில்லை, ஆனால் குசினியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ரோல்ஸ் சுற்றினாள், எனக்கு விளங்கியது. இரண்டு நாள் கழித்து, மத்தியானம், கடையில் வரிசை. தலையை நிமிர்த்தினால் வரிசையின் கடைசியில் நிற்கிறாள். முன்பு பின்கதவால் நேரே குசினிக்குள் ஓடி வருகிறவள். தோள் இன்னும் அகன்றிருந்தது. கல்லூரியின் பெயர் போட்ட சேர்ட். மேசைக்கு மேலே மாட்டியிருந்த படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் நின்ற ஒவ்வொருவருக்கும் நான் என்ன கொடுத்தேன், என்ன வாங்கினேன் என்று எனக்கு நினைவில்லை.

"வணக்கம் அங்கிள்."

"என்ன வேணும் பிள்ளை?"

"ஆறு ரோல்ஸ்."

இடுக்கியால் ஆறு எடுத்துப் போட்டேன். கை தன்பாட்டில் ஏழாவதையும் எடுத்துவிட்டது. அவள் மேசைக்கு மேலே குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"ஆறு மட்டும் அங்கிள். பிளீஸ்."

ஏழாவதை இடுக்கியிலேயே பிடித்துக்கொண்டு பையை நீட்டினேன். அவள் கார்டைத் தட்டினாள். மெஷின் சத்தம் போட்டது. பலகையில் எழுதிக்கிடக்கிற விலை, எல்லோருக்கும் உள்ள விலை.

"ரிசீட் தாங்கோ. அங்க காட்டவேணும்."

கொடுத்தேன். மடித்துச் சேர்ட் பைக்குள் வைத்தாள். முழங்கை எப்படி, எவ்வளவு தூரம் போகிறது, அந்தக் குளிரில் கோட் போதுமா என்று ஒன்றும் கேட்க முடியவில்லை. ஏதாவது கேட்க வேண்டும் போல இருந்தது.

"அம்மா சுகமா?" என்று கேட்டேன்.

அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஓம் அங்கிள், நல்ல சுகம்," என்றாள். "போயிட்டு வாறன்."

பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவைத் தோளால் தள்ளிப் போனாள். அடுத்ததாக நின்ற மனிதர் இரண்டு ரோல்ஸ் கேட்டார். இடுக்கியில் இருந்ததை முதலில் போட்டு, பிறகு இரண்டைப் போட்டேன்.

"நான் ரெண்டுதானே கேட்டனான்?" என்றார்.

"கொண்டு போங்கோ," என்றேன். அவருடைய முகம் மலர்ந்திருக்கும். நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.