நாலாவது சகோதரியின் மூன்றாம் ஞாயிறு

மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சினால் வருகிற நெடி எனக்கு இன்றைக்கும் கதையின் நெடிதான். புளித்த மாவும் செப்புக் காசும் சேர்ந்த மாதிரி இருக்கும். புத்தகத்தைத் திறந்ததும் முதலில் அதுதான் மூக்கில் ஏறும், எழுத்து பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். போத்தனூர்க் கடைவீதியில் வாடகை நூல்நிலையம் வைத்திருந்த பாய், மாத நாவல்களை வாங்கியபடியே அலமாரியில் அடுக்கமாட்டார். மேலட்டையைப் பிய்த்து, பின்னைக் கழற்றி, இரண்டு நாவல்களைச் சேர்த்து ஊசிநூலால் தைத்து, கெட்டி அட்டைக்கு நடுவில் வைத்துப் பூச்சி அரிக்காத அந்தப் பசையைத் தாராளமாகத் தடவி, தன் கையாலேயே ‘பைண்டு’ பண்ணிவிடுவார். எங்கள் அம்மாவுக்கு இளைப்பு நோய் உண்டு. அந்த நெடி ஆகாது என்று, புத்தகத்தைச் சன்னலில் கொஞ்ச நேரம் காயப்போட்ட பிறகுதான் உள்ளே எடுத்துவர விடுவாள்.

அந்த அட்டைகளுக்குள்தான் எனக்கு இங்கிலாந்து கிடைத்தது. ரயில் வருவதற்கு முந்திய இங்கிலாந்து. ராஜாவுக்குப் புத்தி பேதலித்து, மகன் ராஜ்ஜியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். பிரபுக்கள் சாரட்டு வண்டியில் போவார்கள், பெண்கள் நடன விருந்துக்குக் கையுறை தேடுவார்கள். தாய் தகப்பன் இல்லாத ஐந்து அக்கா தங்கைகள், அவர்களைக் கரையேற்ற வேண்டிய ஒரு மாமா, ஆளுக்கு ஒரு புத்தகமாக ஐந்து புத்தகம். யாரோ தமிழில் எழுதி மாதாமாதம் வந்த தொடர் அது. எங்கள் தெருவுக்கு அதில் அந்நியமாக ஒன்றுமே தெரியவில்லை. சீதனம் பேசினார்கள், வயசுப் பெண் துணையில்லாமல் வெளியே போனால் பேச்சு வந்தது, மாப்பிள்ளைக்கு எத்தனை ஏக்கர் என்று முதலில் விசாரித்தார்கள். நான் வாசித்துக் காட்டும்போது அம்மா தையல் மெஷினை நிறுத்தாமலே, “வெள்ளைக்காரின்னா மட்டும் என்ன, அவளையும் நக போட்டுத்தான அனுப்போணும்” என்பாள்.

நான் எட்டாவதோடு நின்றுவிட்டவள். அம்மாவுக்கு இளைப்பு அதிகமாகி வீட்டு வேலை பார்க்க ஆள் தேவைப்பட்டதால் நின்றேன்; சமையலும், அம்மா தைக்கும் ஜாக்கெட்டுகளுக்குக் காஜா எடுப்பதும் என் பொறுப்பு. அப்பா ரயில்வேயில் இருந்தார். அக்கா அமலி மட்டும் பத்தாவது முடித்து, டைப்பிங் படித்து, ஒரு மில் ஆபீசில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எனக்குச் சின்ன வயசிலிருந்தே எதற்கெடுத்தாலும் மனசு அடித்துக்கொள்ளும். அப்பா வர அரை மணி பிந்தினால் தண்டவாளம் நினைவுக்கு வரும். பாலைப் பொங்கவிட்டால் அடுத்து என்ன நடக்குமோ என்று இருக்கும். அதனால் எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் தொடங்கமாட்டேன். “சினிமாவுக்குப் போனாலும் வெளிய வாறவங்கள நிறுத்தி முடிவக் கேட்டுப்போட்டுத்தான் இவ உள்ள வருவா” என்று அமலி தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஐந்தில் எங்களுக்கு மிகவும் பிடித்தது நாலாவது சகோதரி கிளாராவின் கதைதான். அதற்குக் காரணம் கோயில். கத்தோலிக்கர்களில் கல்யாணம் நிச்சயமானால், தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடியும் நேரத்தில் பங்குச்சாமியார் பெண் மாப்பிள்ளை பெயரை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்கு விக்கினம் ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்பார். இதை ‘ஓலை வாசிக்கிறது’ என்போம். கிளாராவின் ஊர்க் கோயிலிலும் அதே மூன்று ஞாயிறு, ஏறக்குறைய அதே வாசகம். படித்துவிட்டு நாங்கள் அடைந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. எங்கள் சங்கதி ஒன்று பிரபுக்கள் வீடுவரை போயிருக்கிறதே என்று இருந்தது.

கிளாராவுக்கு மாமா பார்த்த மாப்பிள்ளை பக்கத்துப் பண்ணைப் பிரபு. நல்லவர், ஆனால் பேசமாட்டார். அவளுக்கு மனசு ஒப்பவில்லை, வாய்விட்டுச் சொல்லவும் தைரியமில்லை. இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஞாயிறு மழையில் நனைந்துகொண்டு கோயிலுக்கு வருகிறாள். போதகர் வாசிக்கிறார், விக்கினம் உண்டா என்று கேட்கிறார். ‘கிளாரா எழுந்தாள்’ என்று அந்தப் பக்கம் முடியும். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் கடற்படைத் தளபதி ஒருவன் கண் கலங்க நிற்கிறான். அதே கோயிலில் அவனோடு அவளுக்குக் கல்யாணம் ஆகிறது. மூன்றாம் புத்தகத்தில் ஒரு விருந்தில் தலைகாட்டிவிட்டுக் கப்பலேறிப் போனவன் அவன். கிளாரா சபை நடுவில் எழுந்து நின்று தன் ஓலையைத் தானே நிறுத்திவிட்டாள், பிரபு ஒதுங்கிக்கொண்டார், தளபதி திரும்பி வந்துவிட்டான் என்று நாங்கள் புரிந்துகொண்டோம். போத்தனூரில் அந்தப் புத்தகத்தைப் படித்த அத்தனை பேரும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள்.

ஒரே ஒரு இடறல் இருந்தது. கல்யாணத்தில் போதகர் அவளை ‘எமிலி’ என்று கூப்பிடுவார். எமிலி என்பது ஐந்தாவது தங்கையின் பெயர். இது எனக்குப் பெரிய விசாரமாகிவிட்டது. அம்மாதான் தீர்த்துவைத்தாள். “கோயில்ல ஞானஸ்நானப் பேரத்தான வாசிப்பாங்க. ஊட்டுல கிளாரான்னு கூப்புட்டிருப்பாங்க. தங்கச்சிக்கும் அதே பேர வெச்சிருப்பாங்க, நம்ம பக்கம் ஊட்டுக்கு நாலு மரியா இல்லையா?” அமலிக்கே ஞானஸ்நானப் பெயர் வேறு, பின்னால் அவளுக்கு ஓலை வாசித்தபோது யாரைச் சொல்கிறார்கள் என்று பாதிப்பேருக்குத் தெரியவில்லை. ஆகவே அம்மா சொன்னது சரியாகவே பட்டது. அதே அட்டைக்குள் இருந்த ஐந்தாவது புத்தகம் முடிவில்லாமல் பாதியில் அறுந்து நின்றது; வாடகைப் புத்தகத்தில் அது வழக்கம்தான் என்று விட்டுவிட்டோம். முடிவு இல்லாத புத்தகத்தை நான் தொடவேயில்லை, மற்றவர்களும் மெனக்கெடவில்லை.

அமலிக்கு ஓலை வாசித்ததைச் சொன்னேன். மாப்பிள்ளை வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலையாக இருந்தார். பெண் பார்க்க வந்தபோது அமைதியாக உட்கார்ந்திருந்தார், எனக்குக்கூட மிட்டாய் வாங்கி வந்திருந்தார். குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் மேலே எஸ்டேட்டில் அமலிக்கு வேலை கிடையாது. “அங்க போயி மழையவும் அட்டப்பூச்சியவும் பாத்துட்டு நான் என்ன பண்றது?” என்று கேட்டாள். “எல்லாப் பொம்பளைங்களும் என்ன பண்றாங்களோ அதத்தான் கண்ணு நீயும் பண்ணுவ” என்றாள் அம்மா. அப்பா மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். முதல் ஞாயிறு போனது, இரண்டாம் ஞாயிறும் போனது. அமலி சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள்.

மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்தின நாள் சாயங்காலம், ஆபீசிலிருந்து வந்தவள், கடைக்குப் போகலாம் வா என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். கடைவீதியில் திரும்பாமல் கோயில் பக்கம் நடந்தாள்.

“கிளாராவாட்டம் எந்திரிச்சு நிக்கறதுக்கெல்லாம் எனக்குத் தைரியமில்ல. அதுதான் இன்னைக்கே போறேன்” என்றாள்.

கோயிலை ஒட்டிய பங்களா வராந்தாவில் பங்குச்சாமியார் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். “என்ன அம்மணி, மந்திரம் ஒப்பிக்க வந்தியா?” என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன் செபங்கள் மனப்பாடமாகத் தெரிகிறதா என்று சாமியார் கேட்டுப் பார்ப்பது வழக்கம்.

“இல்லீங்க சாமி. நாளைக்கு என்ற ஓலைய வாசிக்காதீங்க.”

“ஏன், ஆராச்சும் விக்கினம் சொன்னாங்களா?”

“நாந்தானுங்க சொல்றேன்.”

சாமியார் செருப்பைக் கீழே வைத்தார். “பையன் மேல ஏதாச்சும் கேள்விப்பட்டியா?”

“அவரு நல்லவருங்க. எனக்குத்தான் போக இஷ்டமில்லீங்க.”

“ஊட்டுல தெரியுமா?”

“இனித்தானுங்க சொல்லோணும்.”

நான் அவள் தாவணி முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாமியார், “பொண்ணுக்குச் சம்மதமில்லைன்னா அதுக்கு மேல விக்கினம் ஒண்ணும் இல்ல. ஆனா உங்கப்பன்கிட்ட நான் சொல்லமாட்டேன், நீயே சொல்லு” என்றார். அன்றிரவே அவள் சொன்னாள். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு ராத்திரி வேலைக்குப் போய்விட்டார். மறுநாள் பூசையில் சாமியார் வேறொரு ஜோடியின் ஓலையை மட்டும் வாசித்தார். பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் எங்கள் பக்கம் திரும்பின.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த மாதிரிதான். யாரோ ஒரு பையன் இருக்கிறான் என்று பேசினார்கள். அப்படி யாரும் இல்லை என்பதைத்தான் யாராலும் நம்ப முடியவில்லை. அப்பா அமலியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வேண்டியதை என்னிடம் சொல்லி அவளிடம் சொல்லச் சொல்வார். அம்மா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பாய் கடைக்கே போய்விட்டாள்.

“உங்க புஸ்தகம் என்ற புள்ளையக் கெடுத்துப்போட்டுதுங்க பாய்.”

“நான் தைக்கறவன்தானுங்க அம்மா. எழுதறவன் வேற ஆளு.”

அமலிக்கு அடுத்த வரன் வர ஐந்தாறு வருஷம் ஆயிற்று. பவானியில் ஒரு பள்ளி வாத்தியார். அங்கேயே ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் டைப்பிஸ்ட்டாகி, ஓய்வுபெறும் வரை வேலை பார்த்தாள். வாத்தியார் முன்கோபக்காரர், அவளும் லேசுப்பட்டவள் இல்லை. வால்பாறைக்காரரும் வேறிடத்தில் கல்யாணம் செய்து நன்றாக இருப்பதாகக் கேள்வி. எனக்கு ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அமலி சொன்ன ராத்திரி பார்த்த அப்பாவின் முகத்தை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது. எனக்கும் குறையில்லை.

போன வருஷம் புத்தகத் திருவிழாவில் என் மகள் அந்த ஐந்து கதைகளும் ஒரே புத்தகமாக வந்திருப்பதைப் பார்த்து வாங்கிவந்தாள். வழவழப்பான அட்டை, பசை வாடையே இல்லை. வீட்டு வேலைக்கு நடுவே ஒவ்வொன்றாகப் படித்தேன். மாமாவின் வசனங்கள் இப்போது வேறு மாதிரி கேட்டன. ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுக்க வேண்டிய மனுஷனின் கவலை புரிந்தது. நாலாவது கதையில் அந்த இடம் வந்தது. ‘கிளாரா எழுந்தாள்.’ அதற்கு அடுத்த வரி: ‘அவளோடு சபை முழுவதும் எழுந்தது, பாட்டு தொடங்கியது.’ அவ்வளவுதான். அவள் ஒன்றுமே சொல்லவில்லை. பாட்டுப் பாடிவிட்டு, பிரபுவையே கட்டிக்கொண்டு, போகப்போக அவர் மனசைப் புரிந்து சந்தோஷமாக இருக்கிறாள். தளபதி ஐந்தாவது தங்கை எமிலியின் மாப்பிள்ளை. பாய் ஐந்தாவது கதையின் கடைசித் தாள்களை நாலாவதின் வாலில் வைத்துத் தைத்துவிட்டிருக்கிறார். நாலாவதின் சொந்த முடிவு எங்கே உதிர்ந்ததோ தெரியாது.

அமலி அத்தனை பேச்சு வாங்கியது, அப்பா வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்தது எல்லாம் ஒரு பைண்டிங் தப்புக்காகவா? இதை அவளிடம் சொல்வதா, மறைப்பதா? சொன்னால் இந்த வயசில் உடைந்துபோவாளோ, ரத்தக்கொதிப்பு வேறு இருக்கிறது. மறைத்தால், என் மகளே ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிடுவாளோ. புத்தகத்தைப் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். அது அங்கே இருக்கிறது என்ற நினைப்பிலேயே தூக்கம் போயிற்று. கடைசியில் கோயில் திருவிழாவுக்கு அமலி வந்தபோது, பக்கத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தாள்.

“பாட்டுக்கா எந்திரிச்சா?”

“ஆமாக்கா.”

“நானும் பாட்டுக்கு எந்திரிச்சிருந்தா இந்நேரம் கொண்டை ஊசி வளைவுல வாந்தியெடுத்துட்டு இருந்திருப்பேன்” என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

“நான் புஸ்தகத்தப் படிச்சுட்டுப் போனேன்னுதான் நீயும் நெனச்சுட்டு இருந்தியா?”

“நீதான அன்னைக்குச் சொன்ன, கிளாராவாட்டம்னு.”

“போகோணும்னு மொத ஞாயித்துக்கெழமையே முடிவு பண்ணிட்டேன் அம்மணி. பயமா இருந்துச்சு. எவளாச்சும் ஒருத்தி எனக்கு முன்னால போயிருக்கான்னா ஒரு தெம்பு இல்லையா, அதுக்குத்தான் அவ.” மறுபடி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். “இவ போகவே இல்லையா? அப்ப நாந்தான் மொதல்ல போயிருக்கேன்.”

இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலையைத் திரையில் காட்டுகிறார்கள். போட்டோவும் வருகிறது, போட்டோவைத்தான் பார்க்கிறார்கள். பாய் கடை இருந்த இடத்தில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். அப்பா, அமலியின் முதல் பேரனைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அம்மா கடைசிவரை அந்தப் புத்தகத்தைத் திட்டிக்கொண்டே இருந்தாள். அந்தப் புத்தகத்தில் ஒருத்தியும் எதிர்த்து நிற்கவேயில்லை, எல்லாம் நம் வீட்டுப் பெண் தானாகச் செய்ததுதான் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. கேட்டுக்கொள்ள அம்மா இல்லை.