தையல் முடியும் வரை

அந்தத் தெருவில் தையல்காரம்மாவைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. கணவர் லாரி ஓட்டுபவர், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. முன்னறையில் தையல் மிஷின், உள்ளறையில் மாமியாரின் இரும்புக் கட்டில். மாமியாருக்கு உரக்கப் பேச வராது என்பதால் கூப்பிட ஒரு கரண்டி. கட்டில் கம்பியில் தட்டினால் இவள் ஓட வேண்டும். ஜன்னலைத் திற. ஜன்னலைச் சாத்து. திருப்பிப் படுக்க வை.

"இவ மருமகளா, மகளா!" என்று சபைப் பெண்கள் மெச்சுவார்கள்.

பள்ளி திறக்கப்போகிற சமயம் அது. ஒரு மதியம், தைக்க வேண்டிய சீருடைகள் காலடியில் குவிந்து கிடந்தன. கரண்டி காலையிலிருந்தே ஓயவில்லை. மறுபடி தட்டியபோது அவள் எழவில்லை. மிதியை அழுத்தினாள். மோட்டார் இரைந்தது. இன்னும் அழுத்தினாள். கரண்டிச் சத்தம் அதில் அமுங்கிப்போனது. அப்புறம் உள்ளே தொப்பென்று ஒரு சத்தம். அது மட்டும் அமுங்கவில்லை. அவள் கையிலிருந்த தையலை ஓரம்வரை ஓட்டி, நூலை வெட்டிவிட்டுத்தான் எழுந்தாள்.

மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

"மிஷின் சத்தத்துல கேக்கலங்க," என்றாள் கணவரிடம்.

"உனக்கு எப்படிம்மா கேக்கும், பாவம்," என்றார்கள் அக்கம்பக்கத்தார்.

அதற்குப் பிறகு அவள் மாமியாரைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். அழுக்காகாத விரிப்பையும் மாற்றினாள். ஆலயத்தைக் கூட்டினாள், திரைச்சீலைகளைக் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தாள். ஆனால் ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கும் இடம் வந்தால் அவள் உதடு ஒட்டிக்கொள்ளும். அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து நாட்களில் அத்தையைத் தனியே விட முடியாது என்று வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

ஒருநாள் போதகர், "பெண்கள் கூட்டத்துல நீங்க பேசணும்மா. உங்களைப் பாத்து நாலு பேர் கத்துக்கட்டும்," என்றார்.

அவள் அழுதுவிட்டாள். நடந்ததைச் சொன்னாள். "அலுப்புலதான் அப்படிச் செஞ்சேன்னு நீங்க சொல்லிடாதீங்க ஐயா. அலுப்பு இருந்துச்சு. ஆனா அது இல்ல. போய்ச் சேந்தா நல்லதுன்னு அந்த நிமிஷம் என் மனசு நினைச்சுது."

போதகர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "நினைச்சிருக்கும்மா. என் மனசும் அந்த மாதிரிதான், எனக்குத் தெரியும். நல்லது செஞ்சு செஞ்சு அதை நாமே கழுவிட முடியும்னா, சிலுவை எதுக்கு?"

"அப்போ நான் என்னதான் செய்யறது?"

"மன்னிப்பை வாங்கிக்கணும். ஒளிச்சு வெச்சுக்கிட்டே வாங்க முடியாது. உங்க அத்தைகிட்ட போய்ச் சொல்லுங்க."

மறுநாள் காலை மாமியாருக்குத் தலை வாரும்போது சொன்னாள். பின்னால் நின்று சொல்வது சுலபமாக இருந்தது. மாமியாரின் தோள் விறைத்தது.

"மிஷின் வேகம் கூடுனப்பவே தெரியும்டி," என்றார் குழறலாக. "எவ்வளவு வலிச்சுது தெரியுமா எனக்கு!"

பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கையால் சாப்பிடவும் மறுத்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா வந்து ஊட்டினாள். லாரியிலிருந்து இறங்கிய கணவரிடமும் அவள் சொன்னாள். அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். ஏறத்தான் செய்தது.

ஒரு காலை கரண்டி தட்டியது. விழுந்தடித்து ஓடினாள்.

"ஒண்ணும் வேணாம். உக்காரு," என்றார் மாமியார். மோட்டுவளையைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னைக்கும் எனக்கு ஒண்ணும் வேணாம்டி. காலையில அளவு குடுக்க வந்தவங்களோட நீ சிரிச்சுக்கிட்டு இருந்தே. நான் இங்க கட்டை மாதிரி கெடக்கேன், இவளுக்கு என்ன சிரிப்புன்னு வயிறு எரிஞ்சுது. வேணும்னே தட்டுனேன். நீ வரலன்னதும் உன்னைப் பயமுறுத்தத்தான் காலைக் கீழ போட்டேன். உடம்பு சேர்ந்து வந்துடுச்சு."

"அத்தை..."

"நீ சொன்னப்பவே நானும் சொல்லியிருக்கணும். நல்லவ மாதிரி கோவிச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஆண்டவர் முன்னாடி ரெண்டு பேரும் ஒரே லட்சணம்தான், போ."

இருவரும் அழுதார்கள். மாமியாருக்கு ஒரு பக்கம்தான் முகம் அசைந்ததால் அது சிரிப்பு போலவும் இருந்தது.

அந்த வாரமே போதகர் அப்பமும் கிண்ணமுமாக வீட்டுக்கு வந்தார். மாமியார் அப்பத்தை மெல்ல நேரமாயிற்று. இவளுடைய முறை வந்தது. தகுதி இல்லையே என்று கை பின்வாங்கியது. போதகர் அப்பத்தை நீட்டியபடியே காத்திருந்தார். வாங்கிக்கொண்டாள். கணவர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார், உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.

குற்ற உணர்வு அன்றோடு தீர்ந்துவிட்டதென்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சில நாள் மறுபடியும் வரும். ஆனால் ஜெபத்தில் அந்த இடத்தை வாய்விட்டுச் சொல்ல அவளால் முடிந்தது.

அன்று போதகர் போனதும் மாமியார், "முதுகுக்கு இன்னொரு தலகாணி வை," என்றார். அவள் எழுவதற்குள் கணவர் உள்ளே வந்து அம்மாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீ வை," என்றார் அவளைப் பார்த்து.