ஒத்தைக்குக் கிடந்த பல்லி

பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் அப்பாவும் நானும்தான். அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் நெய்யாற்றின்கரையில் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுக்கிறேன். விறகுப்புரை கட்ட அப்பா கடலோரத்துக் குடும்பம் ஒன்றிடம் பழைய வள்ளப் பலகைகள் வாங்கிவந்தார். அவற்றின் இடுக்கில் பல்லி முட்டைகள் ஒட்டியிருந்தன. பொரிந்து வந்தது நம் சுவர்ப்பல்லி இல்லை. அதைவிடச் சின்னது, மரத்தோடு கடல் தாண்டி வரும் வகை. இதில் ஆண் என்று ஒன்று தேவையே இல்லை.

என்றோ இரண்டு இனங்கள் கலந்து பிறந்த மகள்களின் வழி இது. முட்டை உருவாகுமுன் குரோமோசோம்கள் இரட்டிப்பாகும். அப்புறம் பாதியாகப் பிரிந்தாலும் தாயிடம் இருந்த அத்தனையும் மகளுக்கு வந்துவிடும். தாய், மகள், பேத்தி எல்லாம் மரபணுவில் ஒரே ஆள். புது ஊரில் குடியேற ஒருத்தி வந்தால் போதும். ஆனால் ஒருத்தியைக் கொல்லும் நோய் எல்லாரையும் கொன்றுவிடும். அதனால் பரிணாமத்தில் இவற்றுக்கு ஆயுள் குறைவு என்பார்கள்.

நாற்பது கடந்த பிறகு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள் நான். குஞ்சிலிருந்து கண்ணாடிப் பரணியில், அதாவது மூடி போட்ட ஜாடியில், நான் தனியாக வளர்த்த பல்லி, வேறு பல்லியின் நிழல்கூடப் படாமல் முட்டையிட்டுக் காட்ட வேண்டும். அதுதான் எனக்கு ஆதாரம். வழிகாட்டும் பேராசிரியர் ஓய்வு பெறும் நேரம். இன்னொன்றை வளர்த்தெடுக்க அவகாசம் இல்லை.

விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனபோது தீனி போடும் பொறுப்பை அப்பாவிடம் விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பரணியில் இரண்டு முட்டை! சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். அப்பாவும் சிரித்தார்.

"பாத்தியா மக்கா, தொணை கெடச்சதும் முட்டை போட்டுட்டு."

"என்ன தொணை?"

"ஒத்தைக்குக் கெடந்துதுல்லா, பாவம். அதாக்கும் வெறகுப்புரையில இருந்து ஒண்ணைப் பிடிச்சுப் போட்டேன். நேத்து மூடியத் தொறந்தப்போ ஒண்ணு ஓடிப்போச்சு."

"எது ஓடிச்சு? நம்மளதா, வந்ததா?"

"ரெண்டும் ஒண்ணு போலல்லா இருந்தது."

ஒன்று போலத்தான் இருக்கும். மிஞ்சியிருப்பது வெளியில் திரிந்தது என்றால் அது யாரோடு சேர்ந்தது, சேரவில்லை என்பதற்கு நான் எங்கே சாட்சி தேட? மரபணுவைச் சோதித்தாலும் இது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"அதுக்குத் தொணை வேண்டாம்ப்பா! எத்தனை தடவ சொன்னேன்!"

அப்பா பரணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயும் இப்படித்தான் சொன்ன மக்கா. நான் அதையும் நம்பினதில்ல."

பட்டம் போனதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். அதைவிடப் பெரிய வருத்தம், இத்தனை வருஷமாக நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னது எதுவும் அவர் மனசில் ஏறவில்லை என்பது. கலியாணப் பேச்சை அவர் எப்போதோ நிறுத்தியிருந்தார். புரிந்துகொண்டுவிட்டார் என்று நினைத்திருந்தேன்.

ஆய்வை அந்த வருஷமே விட்டேன். முட்டைகள் பொரிந்தன. இரண்டு குஞ்சுகளையும் அப்பா ஒரே பரணியில் வளர்க்கிறார்.